தட்டை நிலத்தார் மலை பார்க்கப் போனது

கண்டிக்கு இடமாற்றம் வந்தபோது அந்த ஊரில் எனக்குத் தெரிந்திருந்தது ஒரு கருத்தரங்கு மண்டபமும் அதன் பின்பக்கத்துச் சாப்பாட்டறையும்தான். திணைக்களப் பயிற்சிகளுக்காகப் பல தடவை போயிருக்கிறேன். மத்தியான இடைவேளையில் குளத்தைச் சுற்றி ஒரு நடை, பின்னேரம் சந்தையில் கொஞ்சம் பழம், பிறகு யாழ்ப்பாண பஸ். மலைகள் மண்டபத்து யன்னல்களுக்கு வெளியே நாடக மேடையின் பின்சீலை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஆட்கள் ஏறுவார்கள் என்ற யோசனை எனக்கு வந்ததே இல்லை.

என் கணவர் டியூட்டரிகளில் கணிதம் படிப்பிப்பவர். எந்த ஊரிலும் பிள்ளைகளுக்குக் கணக்கு ஓடாது என்பதால் தொழிலைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை. அவருடைய கவலை சைக்கிள். கல்யாணம் கட்டிய காலத்திலிருந்தே ஞாயிறு காலைகளில் நாங்கள் இருவரும் சைக்கிளில் கடற்கரைக்குப் போய் நீந்திவிட்டு வருவோம். வழியில் மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. பாலம் ஒன்றின் நடுப்பகுதி கொஞ்சம் உயர்ந்திருக்கும். அதில் ஏறும்போது அவர் இருக்கையிலிருந்து எழும்பி நின்று மிதிப்பார், ஏதோ போட்டியில் வெல்லப்போகிறவர் போல.

"உமக்குக் கந்தோர் வேலை இருக்கு," என்றார். "எனக்கு அங்கை என்ன இருக்கு? கடலும் இல்லை."

"மலை இருக்கு."

"அதைத்தான் கேக்கிறன். மலையிலை என்னண்டு மிதிக்கிறது?"

"போய்ப் பாத்திட்டு முடிவெடுப்பம். பிடிக்காட்டி நான் மறுத்து எழுதிக் குடுக்கிறன்."

அப்படித்தான் ஏப்ரல் பள்ளி விடுமுறையில், சைக்கிள்கள் இரண்டையும் சக்கரம் கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸின் அடிப்பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். நடத்துனர் சாக்கைத் தொட்டுப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார். சைக்கிள் என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கண்டிக்கு என்றதும் இன்னொரு தடவை பார்த்தார்.

கந்தோரில் என்னோடு வேலை செய்பவர் கண்டிக்குப் பக்கத்து வத்தேகமவில் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். கண்டி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் படிப்பிக்கும் ஆசிரியை தன் வீட்டின் மேல்மாடியை வாடகைக்குக் கொடுக்கிறார், விரும்பினால் சில நாள் தங்கியே பார்க்கலாம் என்று. வத்தேகம கடைத்தெருவைக் கடந்து, மேலே ஏறும் ரோட்டோரம் வீடு. கேட்டைத் திறந்தால் நேராக மேல்மாடி வந்துவிட்டது. கீழ்வீட்டுக்குப் போக மலைச்சரிவில் படி இறங்க வேண்டும். வீட்டுக்குள் போவதற்கு ஏறாமல் இறங்குகிற வீட்டை நான் அன்றுதான் பார்த்தேன். என் கணவர் அந்தப் படிகளில் இறங்கி, திரும்ப ஏறி, மறுபடியும் இறங்கினார்.

"என்னாங்க சார், எதும் தொலைஞ்சிருச்சா?" என்று கீழேயிருந்து டீச்சர் கேட்டார்.

"இல்லை, இல்லை. சும்மா," என்றார் இவர், பிடிபட்ட பிள்ளை மாதிரி.

டீச்சருக்கு என்னைவிட வயது கொஞ்சம் குறைவு. கணவர் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். நாங்கள் வந்த முதல் மணித்தியாலத்திலேயே எனக்கு டீச்சரைப் பிடித்துப்போனது. சிரிக்கத் தொடங்கினால் பக்கத்தில் இருக்கும் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் சிரிப்பார். சமைக்க எங்களை விடவே இல்லை. இருக்கும் நாள்வரை கீழேதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலை சைக்கிள்களைப் பூட்டிக்கொண்டு பன்விலைப் பக்கம் ஏறும் ரோட்டில் புறப்பட்டோம். டீச்சர் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்தார். முதல் வளைவுவரை இவர் எழும்பி நின்று மிதித்தார். இரண்டாவது வளைவில் உட்கார்ந்து மிதித்தார். அதற்கடுத்ததில் இறங்கி, சங்கிலியில் ஏதோ பிழை என்று குனிந்து பார்த்தார். சங்கிலியில் ஒரு பிழையும் இல்லை. நான் முதல் வளைவிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கிவிட்டேன், அதனால் எனக்கு மூச்சு மிச்சம் இருந்தது, சிரிக்க முடிந்தது.

"சிரியாதையும்," என்றார். "கியர் இல்லாத சைக்கிள்."

பள்ளிப் பிள்ளைகள் சிலர், விடுமுறையிலும் ஏதோ வகுப்புக்குப் போகிறவர்கள், புத்தகப் பையோடு கதைத்துக்கொண்டு எங்களை நடந்தே கடந்து போனார்கள். அவர்கள் வேகமாகக்கூட நடக்கவில்லை. அதற்குப் பிறகு இவர் சங்கிலியைப் பற்றிப் பேசவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் எங்கள் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே, எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அங்கே மலை இல்லைதானே என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு இறங்கி, சைக்கிள்கள் இரண்டையும் கயிற்றால் ஆட்டோவின் பின்னால் கட்டினார். இவர் மறுக்கவில்லை. எனக்கு முன்னரே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மேலே தேயிலைக்கு நடுவே ஒரு சின்னக் கடையடியில் எங்களை இறக்கிவிட்டார். வடையும் பிளேன்டீயும் முடித்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தோம். ரோடு எங்கள் காலடியிலிருந்து வழுகி விழுவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த இறக்கத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் வாழ்நாளில் நான் மிதிக்காமல் ஒரு சைக்கிளும் எனக்காக ஓடியதில்லை. இது ஓடியது. வளைவுக்கு வளைவு வேகம் கூடியது, தேயிலை பச்சைக் கோடாகப் பின்னால் போனது, காற்று வாய்க்குள் புகுந்து கன்னத்தை உப்ப வைத்தது. பிரேக் கட்டைகளிலிருந்து ரப்பர் கருகும் மணம் வந்தது. முன்னால் போன இவர் "ஊ" என்று நீளமாக ஊளையிட்டார். பாடம் படிப்பிக்கும்போது பிள்ளைகளை இருமவும் விடாத மனிதர். எனக்குத் தலை கிறுகிறுத்தது, பயமா சந்தோசமா என்று பிரித்துப் பார்க்க அவகாசம் இல்லை. வீட்டு வாசல் வந்தது. டீச்சர் நின்றார். இவர் காலை ஊன்றி இழுத்து ஒருமாதிரி நிறுத்திவிட்டார். எனக்கு நிறுத்த முடியவில்லை. டீச்சருக்குக் கை காட்டிக்கொண்டே கடந்து போனேன்.

"எங்கக்கா போறீங்க?" என்று அவர் கேட்டது பின்னால் தேய்ந்துபோனது.

கடைத்தெருவில் நிலம் மட்டமானதும்தான் சைக்கிள் நின்றது, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களின் வரிசைக்கு நேர் முன்னால். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வயது போன அம்மா ஒருவர் என் முழங்கையைப் பிடித்து, ஒன்றும் இல்லையே என்று சிங்களத்தில் விசாரித்தார். விலா நோகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

அன்று மத்தியானம் சோறு சாப்பிடும்போது, ஹந்தானை மலைக்கு எப்படிப் போவது என்று டீச்சரைக் கேட்டேன். கண்டி நகரத்துக்குத் தெற்கே சுவர்போல நிற்கும் மலைத்தொடர் அது.

"நான் ஹந்தானைக்குப் போனதே இல்லங்க," என்றார். "எங்க வகுப்பு யன்னல்ல பார்த்தா நேரா தெரியும். அதக் காட்டித்தான் புள்ளைங்களுக்கு சமவுயரக் கோடு சொல்லிக்குடுப்பேன். ஏறினதுதான் இல்ல."

"ஏன் டீச்சர்?"

"நேரம் எங்கங்க. சனிக்கிழம டியூஷன், ஞாயித்துக்கிழம பூசை. அப்புறம், பொம்பள தனியா எங்க மலையேறுறது? கூப்பிட யாராச்சும் வேணும்ல."

"நாங்கள் கூப்பிடுறம். வாங்கோ."

அவர் பருப்பு எடுத்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சரி, போறோம்," என்றார், ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தவர் போல.

மறுநாள் காலை அவர் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய வெள்ளைச் சப்பாத்தோடு வந்து நின்றார். கையில் ஒரு கட்டிச் சவுக்காரம். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் பூசிக்கொள்ள வேண்டுமாம். நாங்கள் இரு பெண்களும் முழங்கால்வரை பூசிக்கொண்டோம். இவர் நீளக் களிசானின் கால்களைச் சப்பாத்துக்கு மேலே நின்ற மேசுக்குள் செருகிக்கொண்டு, தனக்குத் தேவையில்லை என்றார்.

கண்டியிலிருந்து தோட்டத்து ரோடு முடியும்வரை ஆட்டோவில் போய், தேயிலைக்கு ஊடாக நடக்கத் தொடங்கினோம். தேயிலைக்கு மேலே பைன் மரங்கள். அதற்கு மேலே இடுப்பளவு மானாப் புல். மலையின் மூடுபனி, புகார், வந்து மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. ஒரு மேட்டில் ஏறி நின்று, வந்துவிட்டோம் என்று இவர் கையை உயர்த்தினார். புகார் விலகியது. எங்களுக்கு மேலே இன்னொரு மேடு நின்றது. அதிலும் ஏறினோம். மறுபடியும் கையை உயர்த்தினார். மறுபடியும் புகார் விலகியது. டீச்சர் பிடித்துக்கொள்ளக் கதிரை இல்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சார், நீங்க கையத் தூக்காதீங்க. தூக்கத் தூக்க அது வளருது."

அதற்குப் பிறகு வந்தது மலையின் ஒடுங்கிய முதுகு. நடுவில் ஓர் ஆள் நடக்கும் தடம், இரண்டு பக்கமும் புல் சரிந்து இறங்கி எங்கோ முடிந்தது. எங்கே முடிந்தது என்று புகாரில் தெரியவில்லை. அதுவரை நான் விளிம்பில் நின்று கீழே பார்த்த ஆக உயரமான இடம் எங்கள் கந்தோரின் மொட்டைமாடி. நான் நின்றுவிட்டேன்.

"என்னாலை ஏலாது."

"கீழை பாக்காதையும். என்னைப் பாரும்," என்றார் இவர், எனக்கு முன்னால் நிமிர்ந்து நின்றபடி.

"உங்களைப் பாத்தாலும் பின்னுக்கு அந்தரம்தான் தெரியுது."

நான் தடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடி கையை ஊன்றி அரைந்து அரைந்து முன்னேறினேன். திரும்பிப் பார்த்தால் டீச்சரும் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களுமா?"

"நீங்க எப்ப ஒக்காருவீங்கன்னுதான் பார்த்துட்டு இருந்தேன்," என்றார்.

இவர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரு கணித ஆசிரியருக்குரிய பொறுமையோடு எங்களைப் பார்த்தார். அந்த நேரம் பள்ளத்திலிருந்து ஒரு காற்று எழும்பி வந்து அவருடைய தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. தொப்பி கொஞ்சத் தூரம் எங்கள் மட்டத்திலேயே பறந்து, பிறகு யோசித்தாற்போல் கீழே இறங்கியது. அது இறங்கும் இடம்வரை இவர் பார்த்திருக்கக்கூடாது. முகம் வெளுத்தது. மெதுவாக உட்கார்ந்தார். மூன்று பேரும் வரிசையாக அரைந்தோம். யாராவது சிரித்தால் மற்ற இரண்டு பேரும், சிரிக்க வேண்டாம், விழுந்துவிடுவோம் என்று கெஞ்சினோம். கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு கூடியது. என் கண்ணால் நீர் ஓடி எதிரே இருந்த அவருடைய முதுகே தெரியாமல் போனது.

அப்படியே உச்சிக்கு வந்து தலையை நிமிர்த்தினால், பாய் விரித்து ஒரு முஸ்லிம் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தந்தை, தாய், இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு பெரிய சோற்றுச் சட்டி. தாய் காலில் சாதாரணச் செருப்பு. புல்லுக்குள்ளிருந்து உட்கார்ந்தபடி வெளியே வந்த மூவரையும் அவர்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள்.

"நீங்க எந்தப் பக்கத்தால வந்த?" என்று கேட்டார் தந்தை.

நாங்கள் பின்னால் காட்டினோம்.

"இதாலயா? அந்தப் பக்கத்தால ரோட்டே இரிக்கே. நாங்க வேன அங்க நிப்பாட்டிட்டு வந்த. பொடி நடதான்."

இவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். உண்மைதான். அகலமான மண் ரோடு. பிறகு டீச்சர் பாய் விளிம்பிலேயே சாய்ந்து சிரிக்க, அந்தப் பெண் பிள்ளைகள் சிரிக்க, தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இரிங்க, இரிங்க, ஒரு வாய் தின்னுங்க மொதல்ல," என்று கோழித் துண்டுகளோடு மூன்று தட்டுகளை நீட்டினார். என் ஆயுளில் நான் சாப்பிட்ட சோறுகளில் அதுதான் சோறு.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது புகார் முழுதாக விலகியது. கீழே கண்டி நகரம், நான் பல தடவை சுற்றி நடந்த குளம் ஒரு கைக்கண்ணாடி அளவில், அதற்கப்பால் மகாவலி ஆறு வளைந்து போகும் கோடு, வடகிழக்கே நீல நீலமாய் மலைகள். டீச்சர் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அவர் சிரிக்காமல் இருந்ததை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். பக்கத்தில் போனேன்.

"அந்தா, சிவப்புக் கூரை தெரியுதா? அதான் எங்க ஸ்கூல்," என்றார். "மேல்மாடியில மூணாவது யன்னல். அங்க நின்னுதான் இந்த எடத்தக் கையால காட்டுவேன்." நீட்டிய கையை இறக்கினார். "இத்தன வருஷமா போர்டுல கோடு கோடா போட்டேன்க்கா. கோட்டுக்கு எடையில இவ்வளவு காத்து இருக்கும்னு தெரியல."

பிறகு அவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றினார். சுற்றி முடித்து, தலை சுற்றி, என் மேல் சாய்ந்தார். எனக்கும் சுற்ற வேண்டும் போல் இருந்தது. சுற்றினேன். சேலை உடுத்துக் கந்தோர்க் கோவைகளில் கையொப்பம் வைக்கிற நாற்பத்தைந்து வயதுப் பெண், களிசானோடு, சவுக்காரம் காய்ந்த காலோடு, ஹந்தானை உச்சியில் சுற்றினேன்.

இறங்கும்போது வேன் ரோட்டால் இறங்கினோம். இவருடைய வெள்ளைச் சேட்டில் வயிற்றுப் பக்கம் ரத்தம் பரவியிருந்தது. தூக்கிப் பார்த்தால் அட்டை ஒன்று தொப்புளுக்குள் வசதியாகப் படுத்திருந்தது. நீளக் களிசானையும் மேசுகளையும் தாண்டி அது எந்த வழியால் அங்கே போனது என்று வீடு வரும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் தண்ணீர். கடல் இல்லாத ஊரில் எங்கே நீந்துவது என்பது என்னுடைய கேள்வி. டீச்சர் தன் பள்ளி நண்பிகளுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்து, தெல்தெனியவுக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைகளின் அடிவாரத்தில் ஓர் ஆற்றுப் பள்ளத்தைக் கண்டுபிடித்தார். தெல்தெனியவரை பஸ். வழியில் விக்டோரியா நீர்த்தேக்கம் மலைகளுக்கு இடையில் வந்து வந்து மறைந்தது. இவ்வளவு தண்ணீரா என்று யன்னலோடு ஒட்டிக்கொண்டேன். அதில் இறங்கக் கூடாதாம். தெல்தெனியச் சந்தையில் வாழைப்பழமும் பாணும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம்.

ஆற்றங்கரைக் கடைக்காரப் பெண் குளிக்கும் இடத்தைக் காட்டி, மேலே மழை பெய்து தண்ணீர் கலங்கினால் உடனே ஏறிவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். டீச்சர் அதை எங்களுக்கு மொழிபெயர்த்தார். சட்டைக்கு மேல் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு நான் கடலில் பாய்வது போலப் பாய்ந்தேன். கடல் இளஞ்சூடு. இது பனிக்கட்டி. மூச்சு நின்று, திரும்பி வந்தபோது என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது. ஒரு வாய் தண்ணீர் உள்ளே போய்விட்டது. துப்பப் போனவள் துப்பவில்லை. அது இனித்தது. உப்புத் தண்ணீரிலும் சவர்க் கிணற்றிலும் குளித்து வளர்ந்தவளுக்கு, நீந்துகிற தண்ணீரையே குடிக்கலாம் என்பது பெரிய அதிசயம்.

"என்னப்பா, குடிச்சுப் பாருங்கோ," என்று கூப்பிட்டேன்.

இவர் கணுக்கால் அளவில் நின்று, பல் கிட்டியபடி, "நீர் குடியும். நான் பாக்கிறன்," என்றார். டீச்சர் பின்னால் வந்து அவரைத் தள்ளிவிட்டார்.

வானம் கறுத்து முதல் துளிகள் விழுந்ததும் கடைக்காரப் பெண் கரையில் நின்று கையசைத்தார். ஏறிக் கடைத் தாழ்வாரத்தில் துவாய்களைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். நாங்கள் குளித்த இடம் பார்த்துக்கொண்டிருக்கவே பால்தேத்தண்ணி நிறமாகியது. கையில் இஞ்சி போட்ட பிளேன்டீ. மூவருக்கும் உதடு நீலம்.

அப்போதுதான் டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வீடு... புடிச்சிருக்குங்களா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீட்டை நாங்கள் பார்க்கவே இல்லை. அதில் படுத்தோம், எழும்பினோம், சைக்கிளை வைத்தோம். குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது, குசினி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

"பிடிச்சிருக்கு," என்றார் இவர். நடுக்கத்தில் அந்தச் சொல் நான்கு துண்டாக வந்தது. கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இன்னொரு பிளேன்டீ கேட்டார்.

திரும்பிப் போய்க் குசினியைப் பார்த்தோம். இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே போக வேண்டிய குசினி. அதன் ஒரே யன்னலைத் திறந்தால், மலையை வெட்டிய மண்சுவர், பாசியும் பன்னச்செடியும் படர்ந்து, ஒரு முழத் தூரத்தில் நின்றது. டீச்சர் சங்கடத்தோடு எங்களைப் பார்த்தார். இவர் கையை வெளியே நீட்டி மண்ணைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்து, பிறகு என்னையும் தொடச் சொன்னார். தொட்டேன். குளிர்ந்திருந்தது. அந்த யன்னலுக்கு முன்னால்தான் நான் இப்போது தினமும் தேங்காய் துருவுகிறேன்.

ஆவணியில் குடிவந்தோம். இவர் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினார். குண்டசாலைப் பக்கம் ஆற்றோரமாக மட்டமான ரோடுகளைக் கண்டுபிடித்து, அங்கே மாணவர்களோடு ஓடுகிறார். திரும்பி வரும்போது கடைசி வளைவுகளில் இன்னமும் இறங்கித் தள்ளுகிறார். கடல் நினைவு வரும் நாள்களில் நான் கொஞ்சம் முகம் தூக்கிக்கொண்டிருப்பேன். அது உண்டு. டீச்சர் சனிக்கிழமை டியூஷனை வெள்ளிக்கு மாற்றிவிட்டார். இப்போது அவருடைய பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் சிலரும் எங்களோடு வருகிறார்கள்.

போன கிழமை எல்லாருமாக இன்னொரு மலைக்குப் போகும் வழியில் பிலிமத்தலாவையில் பஸ் மாறினோம். ரோட்டுக்கு அப்பால், கடைக் கூரைகளுக்கு மேலே, பெயர் தெரியாத ஒரு குன்று. எனக்கு முன்னரே டீச்சர் அதைப் பார்த்துவிட்டிருந்தார். எங்கள் பஸ் வந்து நின்றது. நடத்துனர் ஏறுங்கள், ஏறுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு, அதற்குப் பாதை எங்கே தொடங்கும் என்று வாதாடிக்கொண்டிருந்தோம்.